கோங்க்: ஒரு பிரெஞ்சுக் கிராமத்தில் மூன்று நாள் தங்கி நடக்க

கேள்வி இதுதான்: "செப்டம்பர் கடைசியில் பாரிஸ் வருகிறோம். நகரத்தை இரண்டு நாளில் முடித்துக்கொண்டு, அடுத்த மூன்று நாள் ஏதாவது ஒரு பழைய கிராமத்தில் தங்கி, காடு மேடு என்று நடக்க ஆசை. நான், மனைவி, பன்னிரண்டு வயது மகள், அறுபத்தைந்து வயது அம்மா. அம்மாவால் அதிகம் ஏற முடியாது. எந்த ஊருக்குப் போகலாம், என்ன பார்க்கலாம், வழி தவறாமல் எப்படி நடப்பது?"

கோங்க் போங்கள் என்பேன். தெற்கு பிரான்சில், அவெய்ரோன் மாவட்டத்தில், ரோதேஸ் நகரத்துக்கு வடக்கே ஏறக்குறைய 40 கி.மீ. தள்ளி இருக்கிறது. பிரான்சின் மிக அழகான கிராமங்கள் என்று ஒரு சங்கம் 1982 முதல் பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. கோங்க்கும் அதில் உண்டு. ஆனால் அந்தப் பட்டியலில் நூற்றைம்பதுக்கும் மேல் ஊர்கள் இருக்கின்றன. அழகுதான் வேண்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எதைத் தொட்டாலும் ஏமாற மாட்டீர்கள். நான் இதைச் சொல்வதற்குக் காரணம், நீங்கள் கேட்ட இரண்டும், அதாவது பழைய கட்டடங்களும் நடைபாதையும், இங்கே ஒரே கதையாக இருக்கின்றன. நடந்து வந்த யாத்ரீகர்களின் காசில் இந்த ஊர் எழுந்தது. இன்றும் ஊரின் நடுத்தெரு வழியாகத்தான் அந்தப் பாதை போகிறது. காரில் வந்து இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டுப் போகிறவர்களுக்கு இது ஒரு தேவாலயமும் நாலு நினைவுப் பொருள் கடையும். சுற்றியுள்ள சரிவுகளில் ஏறி இறங்கினால்தான், இவ்வளவு பெரிய கோயிலை இந்தப் பொந்துக்குள் ஏன் கட்டினார்கள் என்பது பிடிபடும்.

முதலில் இடத்தைப் பற்றி. ஊஷ் என்ற சின்ன ஓடை ஒரு ஆழமான இடுக்கை வெட்டிக்கொண்டு வந்து தூர்தூ ஆற்றில் விழுகிறது. அந்தச் சந்திப்புக்குச் சற்று மேலே, வெயில் நன்றாகப் படும் சரிவில் ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சமதரை என்று சொல்ல தேவாலயத்தின் முன்வாசலைத் தவிர அதிகம் இல்லை. வீடுகள் மரச்சட்டம் கட்டி, இடையில் கல்லும் சுண்ணாம்பும் நிரப்பியவை. கூரைக்கு ஓடு கிடையாது. இந்த மலையில் கிடைக்கும் சிஸ்ட் கல்லைப் பலகை பலகையாகப் பிளந்து, கீழ்ப்பக்கம் வட்டமாகத் தட்டி, ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி ஆணியடித்து அடுக்குகிறார்கள். இந்தக் கூரைக் கல்லை லோஸ் என்பார்கள். மழை பெய்தால் ஊர் முழுக்க ஈயம் பூசியது மாதிரி ஆகிவிடும். வெயில் வந்த பத்து நிமிடத்தில் சாம்பல், பழுப்பு, நீலம் என்று ஒவ்வொரு கல்லும் தன் நிறத்துக்குத் திரும்பும். மழை நாள் வீண் என்று நினைக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, கோயில் எப்படி வந்தது? எட்டாம் நூற்றாண்டின் கடைசியில் தாதோன் என்ற துறவி ஆள் நடமாட்டமில்லாத இந்த இடுக்கில் வந்து தங்கினார். அவரைச் சுற்றி ஒரு மடம் உருவானது. மடம் ஏழை மடம். அந்தக் காலத்தில் ஒரு மடம் பிழைக்க வேண்டுமானால் பேர்போன ஒரு புனிதரின் எலும்பு கையில் இருக்க வேண்டும். அங்கிருந்து மேற்கே தொலைவில் அஜேன் நகரில் புனித ஃபுவாவின் எலும்புகள் இருந்தன. ரோமர் ஆட்சியில், 303-ஆம் ஆண்டு வாக்கில், கிறிஸ்தவத்தைக் கைவிட மறுத்ததால் கொல்லப்பட்டதாகச் சொல்லப்படும் சிறுமி அவள். வயது பன்னிரண்டு என்பது மரபு. உங்கள் மகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிக் கூட்டிப் போங்கள். கோங்க் துறவி ஒருவர் அஜேனுக்குப் போய், அங்கிருந்தவர்களோடு ஒருவராகக் கலந்து, வருடக்கணக்கில் நம்பிக்கையைச் சம்பாதித்து, கல்லறைக்குக் காவல் பொறுப்பும் கிடைத்த பிறகு, 866 வாக்கில் எலும்புகளை எடுத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார் என்கிறது மடத்துக் கதை. மடத்து ஏடுகள் இதைத் திருட்டு என்று சொல்லவில்லை. புனிதையே கோங்க்குக்கு வர விரும்பினாள் என்று எழுதி வைத்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு பணம் கொட்டியது. பார்வை இழந்தவருக்குக் கண் வந்தது, சங்கிலியில் கிடந்த கைதிகள் விடுதலை ஆனார்கள் என்று அற்புதக் கதைகள் பரவின. விடுதலையான கைதிகள் விலங்குகளைக் கொண்டுவந்து காணிக்கையாகப் போட்டார்கள். தேவாலயத்துக்குள் பலிபீடத்தைச் சுற்றியிருக்கும் இரும்புக் கம்பி வேலி அந்த விலங்குகளை உருக்கிச் செய்தது என்பார்கள். பிறகு, ஸ்பெயினின் சாந்தியாகோ தே கொம்போஸ்தெலாவுக்குப் போகும் யாத்ரீகர்களின் வழியில் கோங்க் ஒரு முக்கியத் தங்கலாகிவிட்டது. பாதை தொடங்கும் லு புயி நகரிலிருந்து நடப்பவர்களுக்கு இங்கே வந்து சேர ஏறக்குறைய 200 கி.மீ. பதினோராம் நூற்றாண்டின் நடுவில் இன்றைய தேவாலயத்தைக் கட்டத் தொடங்கினார்கள். உள்ளே நின்று மேலே பாருங்கள். அகலம் குறைவு, உயரம் 22 மீட்டர். இடம் இல்லாத மலைச்சரிவில் மேல்நோக்கிக் கட்டுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. கூட்டம் பூசையைத் தொந்தரவு செய்யாமல் புனிதையைச் சுற்றி வருவதற்காகப் பலிபீடத்துக்குப் பின்னால் ஒரு சுற்றுப்பாதையும் வைத்தார்கள். நம் ஊர்க் கோயில்களில் பிரகாரம் சுற்றிப் பழகியவர்களுக்கு அந்த அமைப்பு உடனே புரிந்துவிடும்.

முன்வாசலுக்கு மேலிருக்கும் அரைவட்டச் சிற்பத்துக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செதுக்கியது. இறுதித் தீர்ப்பு நாள் காட்சி. 124 உருவங்கள். மேற்குப் பார்த்த வாசல் என்பதால் காலையில் நிழலாக இருக்கும். மாலை நான்கு மணிக்கு மேல் போனால் வெயில் நேராக அடித்து, அங்கங்கே ஒட்டியிருக்கும் பழைய நீலமும் சிவப்பும்கூடத் தெரியும். நடுவில் கிறிஸ்து, ஒரு கை மேலே, ஒரு கை கீழே. அவருக்கு வலப்பக்கம், அதாவது நாம் பார்க்கும்போது இடப்பக்கம், சொர்க்கம். அங்கே எல்லாரும் ஒழுங்காக வரிசையில் நிற்கிறார்கள். கொஞ்சம் சலிப்பாகவே இருக்கும். அந்த வரிசையில் ஒரு மடாதிபதி பேரரசர் சார்லமேனைக் கையைப் பிடித்து அழைத்து வருவதை மட்டும் கவனியுங்கள். மடத்துக்கு நிறையக் கொடுத்தவர் என்ற மரபு இருப்பதால் அவருக்குச் சிபாரிசு. அதற்குக் கீழே ஒரு மூலையில் புனித ஃபுவா மண்டியிட்டுக் கிடக்கிறாள். மேகத்திலிருந்து நீளும் கடவுளின் கை அவள் தலையைத் தொடுகிறது. பின்னால் கைதிகளின் விலங்குகள் தொங்குகின்றன.

சுவாரசியம் எல்லாம் நரகத்துப் பக்கத்தில்தான். ஆன்மாக்களை நிறுக்கும் தராசின் ஒரு பக்கம் தேவதூதர் மிக்கேல், மறுபக்கம் பேய். அந்தப் பேய் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துத் தட்டை விரலால் அழுத்துகிறது. கருமியின் கழுத்தில் பணப்பை தொங்க அவனைத் தூக்கில் போட்டிருக்கிறார்கள். ஆணவம் பிடித்த வீரன் குதிரையிலிருந்து தலைகுப்புற விழுகிறான். பொய் சொன்னவனின் நாக்கைப் பிடுங்குகிறார்கள். கள்ள நாணயம் அடித்தவனுக்கும் தண்டனை உண்டு, மடாதிபதிகளின் கோலைப் பிடித்திருக்கும் பெரிய மனிதர்களை வலையில் அள்ளும் பேயும் உண்டு. தங்கள் மடத்து வாசலிலேயே மதத் தலைவர்களை நரகத்தில் செதுக்க விட்ட தைரியத்தை நினைத்துப் பாருங்கள். முயல் திருடி வேட்டையாடியவனைக் கம்பியில் கோத்து வாட்டுவது ஒரு முயல் என்று வழிகாட்டிகள் காட்டுவார்கள். மகளுக்கு ஒரு வேலை கொடுக்கலாம். வெளி வளைவின் ஓரத்தில், கல் பட்டையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, மூக்கும் விரலும் மட்டும் தெரிய எட்டிப் பார்க்கும் குட்டித் தலைகள் இருக்கின்றன. எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் நீங்கள் நிம்மதியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது பொக்கிஷ அறை. இதற்குத் தனி டிக்கெட். பிரெஞ்சுப் புரட்சியின்போது அரசு ஆட்கள் தங்கத்தை உருக்க எடுத்துப் போகாதபடி ஊர்க்காரர்கள் இந்தப் பொருள்களைத் தங்கள் வீடுகளில் ஒளித்து வைத்தார்கள், பிறகு திருப்பியும் கொடுத்தார்கள். அதனால்தான் இடைக்காலத்துப் பொற்கொல்லர் வேலை இவ்வளவு ஒரே இடத்தில் மிஞ்சியிருக்கிறது. நடுவில் புனித ஃபுவாவின் சிலை, சுமார் 85 செ.மீ. உயரம், உள்ளே மரம், மேலே பொன்தகடு. உடல் முழுக்க நூற்றாண்டுக் கணக்கில் பக்தர்கள் கொடுத்த கல்லும் முத்தும் பழைய ரோமானிய முத்திரைக் கற்களும் பதித்திருக்கிறார்கள். முகத்தைப் பாருங்கள், உடலுக்குப் பொருந்தாத பெரிய முகம், முறைத்த கண். அது சிறுமியின் முகமே இல்லை. ரோமானியக் காலக் கடைசியைச் சேர்ந்த ஏதோ ஒரு தலையை எடுத்துப் பொருத்தியது என்பது ஆய்வாளர்கள் கருத்து. நம்மூர் உற்சவரைப் போல இந்தச் சிலையும் வெளியே கிளம்பும். நிலத் தகராறு வந்தால் மடத்துக்காரர்கள் சிலையைத் தூக்கிக்கொண்டு போய் அந்த நிலத்திலேயே இறக்கி வைத்துவிடுவார்களாம். 1013-இல் ஆன்ஜே நகரத்திலிருந்து வந்த பெர்னார் என்ற படித்த குரு இதை விக்கிரக வழிபாடு என்று முதலில் கேலி செய்தார். பிறகு மனம் மாறி, அவளுடைய அற்புதங்களைத் தொகுத்து எழுதியவரே அவர்தான். புனிதையின் திருநாள் அக்டோபர் 6. உங்கள் பயணத்தை ஒரு வாரம் தள்ள முடிந்தால், அதையொட்டிய ஞாயிறு ஊர்வலத்தையும் பார்க்கலாம்.

பிறகு சன்னல்கள். ரோதேஸில் 1919-இல் பிறந்த ஓவியர் பியேர் சூலாஜ் பையனாக இருக்கும்போது இந்தத் தேவாலயத்துக்கு வந்துதான் கலைஞனாவது என்று முடிவு செய்ததாகச் சொல்லியிருக்கிறார். வாழ்நாள் முழுக்கக் கருப்பையே தீட்டிய அந்த மனிதரிடம் அரசு இங்கே 104 சன்னல்களை ஒப்படைத்தது. பல வருட வேலைக்குப் பிறகு 1994-இல் முடிந்தது. முன்பு இருந்த வண்ண உருவங்களை எடுத்துவிட்டு, நிறமே இல்லாத, ஒளியை மட்டும் உள்ளே விட்டு வெளியைக் காட்டாத ஒரு கண்ணாடியைச் சோதனை மேல் சோதனை செய்து உருவாக்கினார். குறுக்கே சாய்ந்தோடும் ஈயக் கோடுகள் மட்டுமே அலங்காரம். ஊரில் அப்போது முணுமுணுப்பு இருந்தது. என்னைக் கேட்டால், இந்தக் கல்லுக்கு இதைவிடப் பொருத்தமான கண்ணாடி கிடையாது. காலையில் ஒரு பக்கம் நீலம் படிந்திருக்கும், மாலையில் அதே கண்ணாடி பழுப்பேறிய ஆரஞ்சாகத் தெரியும். ஒரே சன்னலைக் காலையிலும் மாலையிலும் போய்ப் பாருங்கள். இதற்காகவே இரவு தங்கச் சொல்கிறேன்.

ஒரு விஷயம் சொல்லாமல் விட்டால் தவறு. இத்தனையும் நமக்குக் கிடைத்தது தற்செயல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மடம் கைவிடப்பட்டுக் கிடந்தது. துறவிகளின் முற்றத்தைச் சுற்றியிருந்த தாழ்வாரத்தை இடித்து அந்தக் கல்லை வீடு கட்ட எடுத்துப் போனார்கள். தேவாலயமும் விழும் நிலை. 1837-இல் வரலாற்றுச் சின்னங்களின் ஆய்வாளராக ப்ரோஸ்பேர் மெரிமே வந்து பார்த்து, இப்படி ஒரு பாலைவனத்தில் இவ்வளவு செல்வமா என்ற தொனியில் அறிக்கை எழுதிய பிறகுதான் பழுது பார்க்கும் வேலை தொடங்கியது. 1873-இல் துறவிகள் மறுபடி வந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். முகப்பின் இரட்டைக் கோபுரங்கள் அந்த நூற்றாண்டுச் சேர்க்கைதான். தேவாலயமும் கீழே ஆற்றுப் பாலமும் 1998 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன, சாந்தியாகோ பாதைகளின் ஒரு பகுதியாக.

இனி நடை. பிரான்சில் நெடும்பாதைகளுக்கு ஜி.ஆர். என்று பெயர், கூடவே ஓர் எண். கோங்க் வழியாகப் போவது ஜி.ஆர். 65. அடையாளம் வெள்ளைப் பட்டை, அதற்குக் கீழே சிவப்புப் பட்டை. மரத்திலும் பாறையிலும் மின்கம்பத்திலும் பெயிண்ட் அடித்திருப்பார்கள். அந்தப் பட்டைகளுக்குக் கீழே வளைந்த அம்பு இருந்தால் திருப்பம் வருகிறது. வெள்ளையும் சிவப்பும் பெருக்கல் குறியாக இருந்தால் அது தவறான வழி, உடனே திரும்புங்கள். அரை நாள், ஒரு நாள் சுற்றுகளுக்கு மஞ்சள் பட்டை. இந்த பெயிண்ட் வேலையைச் செய்வது பெரும்பாலும் உள்ளூர்த் தன்னார்வலர்கள். அதனால் புதிதாக மரம் வெட்டிய இடத்தில் குறி காணாமல் போயிருக்கலாம். பத்து நிமிடம் நடந்தும் குறி தென்படவில்லையென்றால் கடைசியாகப் பார்த்த குறிக்குத் திரும்பி வருவதுதான் வழக்கம். முன்னே போய்ப் பார்க்கலாம் என்று கிளம்புகிறவர்கள்தான் ஏதாவது ஒரு பண்ணையின் கொல்லையில் நாயிடம் போய் நிற்பார்கள். ஐ.ஜி.என். என்ற அரசு நிறுவனத்தின் 1:25,000 அளவு வரைபடம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்கில் செல்பேசி சிக்னல் நம்பும்படி இருக்காது.

முதல் நாள் மாலை, வந்து சேர்ந்த களைப்போடு செய்யக்கூடியது ஒன்று உண்டு. சார்லமேன் தெரு என்ற கல் பாவிய சரிவில் இறங்கினால் பழைய பாரி வாசல், அதைத் தாண்டி ஒரு பாறை மூக்கில் புனித ரோக் சிற்றாலயம், இன்னும் கீழே தூர்தூ ஆற்றின் மேல் வளைவு வளைவாகக் கல்பாலம். ரோமானியப் பாலம் என்று பலகை சொல்லும், ஆனால் அது இடைக்காலத்து யாத்ரீகர் பாலம். நீங்கள் மூவரும் பாலத்தைக் கடந்து எதிர்ச்சரிவில் ஏறுங்கள். பாதை செங்குத்து, வேரும் கல்லுமாக இருக்கும், மழைக்குப் பிறகு வழுக்கும். பாதி மலையில் புனித ஃபுவாவின் சிற்றாலயம், பக்கத்தில் கண்நோய்க்கு நல்லது என்று மக்கள் நம்பிய ஊற்று. வாசலில் மணி ஒன்று உண்டு. ஊரை விட்டுப் போகும் யாத்ரீகர்கள் அதை அடித்துவிட்டுப் போவார்கள், சத்தம் பள்ளத்தாக்கைத் தாண்டி ஊரில் கேட்கும். அங்கே திரும்பி நின்றால்தான் ஊரின் வடிவம் தெரியும்.

அம்மாவுக்கு இந்த ஏற்றம் வேண்டாம். சார்லமேன் தெருவும் வேண்டாம், திரும்பி ஏறுவது முழங்காலுக்கு ஆகாது. அவருக்குப் பாங்கரெல் என்ற பார்வைத்தளம். ஊருக்குத் தெற்கே, இடுக்குக்கு அந்தப் பக்கம், சில கி.மீ. தூரத்தில் இருக்கிறது, காரிலேயே போகலாம். மொத்த ஊரும் எதிர்ச்சரிவில், தேவாலயம் நடுவில். தேவாலயம் இருக்கும் மட்டத்திலேயே அறை எடுத்தால் அம்மா தானாகவே காலையும் மாலையும் போய் வரலாம். அறை பதிவு செய்யும்போது இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "அறையிலிருந்து தேவாலயத்துக்கு எத்தனை படி?"

இரண்டாம் நாளுக்கு என் யோசனை, யாத்ரீகர்கள் வரும் திசையிலேயே ஊருக்குள் நடந்து வருவது. காலையில் டாக்சியில் செனேர்க் என்ற ஊருக்குப் போய் இறங்கிக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஜி.ஆர். 65 வழியாகக் கோங்க் ஏறக்குறைய 9 கி.மீ. முதல் பாதி மேட்டுநிலம், புல்வெளி, மாடுகள், தூரத்தில் வரிசை வரிசையாக மலை. காற்று பலமாக இருக்கும். தலைக்கு மேலே பிளவுபட்ட வாலோடு வட்டமிடுவது செம்பருந்து வகை. பிறகு சட்டென்று பாதை காட்டுக்குள் விழும். கடைசி இறக்கம் கல்லும் சிஸ்ட் பலகையுமாக நீளும் பள்ளச்சந்து, முழங்கால் அங்கேதான் பேசும். நடைக்கோல் இருந்தால் நல்லது. ஊர் கடைசி வரை கண்ணில் படாது. ஒரு வளைவில் திடீரென்று கூரைகள் உங்கள் காலுக்குக் கீழே தெரியும். கார் நிறுத்தத்திலிருந்து வருகிறவர்களுக்கு இது கிடைக்காது. நடக்க மூன்று மணி நேரம் போதும், மகளோடு என்றால் நான்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் கஷ்கொட்டை மரம். இந்தப் பக்கத்து ஏழைகளுக்கு நூற்றாண்டுக் கணக்கில் ரொட்டிக்குப் பதில் சோறு போட்டது அந்த மரம்தான். செப்டம்பர் கடைசியில் முள் உறைகள் வெடிக்க ஆரம்பித்திருக்கும், அக்டோபரில் பாதை முழுக்கக் கொட்டைகள் கிடக்கும். காட்டுக்குள் சன்னல் இல்லாத சிறு கல்வீடுகள் தென்பட்டால் அவை உலர்த்தும் குடில்கள். உள்ளே பாதி உயரத்தில் குச்சிப் பரண், அதன்மேல் கொட்டைகளைப் பரப்பி, கீழே வாரக்கணக்கில் புகையும் தணலுமாக வைத்து உலர்த்துவார்கள். குளிர்காலம் முழுக்க அதுதான் சாப்பாடு. பாதையில் கிடப்பதை ஒன்றிரண்டு பொறுக்கி மகளின் கையில் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தோப்புகளுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு, பையில் அள்ளினால் சண்டைக்கு வருவார்கள்.

இன்னொன்று: மரங்களுக்கு நடுவே, யாருமே போகாத சரிவிலும், சாந்து இல்லாமல் அடுக்கிய கல் சுவர்கள் படி படியாகப் போகும். அவை திராட்சைத் தோட்டத்து வரப்புகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் ஃபிலோக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி வந்து பிரான்சு முழுக்கக் கொடிகளை அழித்தபோது இவையும் போயின. ஆட்கள் வேலை தேடிப் பக்கத்து நிலக்கரி ஊர்களுக்கும் பாரிசுக்கும் போனார்கள், காடு திரும்பி வந்தது. இன்று இயற்கை என்று நாம் ரசிக்கும் பசுமையில் பாதி, கைவிட்ட வயல். திராட்சை தப்பிப் பிழைத்த இடத்தைப் பார்க்க வேண்டுமானால் தெற்கே மார்சியாக் பள்ளத்தாக்குக்குப் போங்கள். இரும்புத்துரு நிறத்துச் செம்மண், அங்கேயே விளையும் சிவப்பு ஒயின்.

மூன்றாம் நாளைத் தளர்வாக வைத்துக்கொள்ளுங்கள். தூர்தூவை ஒட்டி வடக்கே போனால் கிரான்-வாப்ர், அங்கே அது லோத் நதியில் கலக்கிறது. அதற்கு மேலே லா வேன்ஸெல் என்ற குக்கிராமம், பாறை உச்சியில் மணிக்கூண்டு, கீழே லோத் நதி வளைந்து போகும் காட்சி. காரிலும் போகலாம், அதனால் அம்மாவும் வரலாம். சுற்றுலாக் கடை எதுவும் இல்லாத ஊர் என்பதே அதன் பெருமை. நடந்தே தீருவேன் என்றால் முதல் நாள் பார்த்த புனித ஃபுவா சிற்றாலயத்துக்கு மேலே ஜி.ஆர். 65-ஐத் தொடர்ந்து நோவாயாக் வரை போய், அங்கிருந்து டாக்சி பிடித்துத் திரும்பலாம்.

சாப்பாடு விஷயத்தில் கடிகாரத்தைப் பாருங்கள். மதிய உணவு பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை. இரண்டு மணிக்குப் போய்க் கெஞ்சினாலும் அடுப்பு அணைந்திருக்கும். சைவம் சாப்பிடுகிறவர் இருந்தால் அலிகோ கேளுங்கள். வேகவைத்த உருளைக்கிழங்கை மசித்து, புதுச் சீஸ் போட்டு, கரண்டியில் தூக்கினால் முழம் நீளத்துக்கு இழுபடும் வரை கிண்டுவது. பக்கத்தில் சாசேஜ் வைப்பது வழக்கம், வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். கீரை போட்டுத் தட்டும் ஃபார்சூ என்ற அடையும் நன்றாக இருக்கும், ஆனால் சில இடங்களில் அதிலும் இறைச்சி சேர்ப்பார்கள், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். மீன் சாப்பிடுவீர்கள் என்றால் எஸ்தோஃபினாத். கடலே இல்லாத இந்த ஊரில் வடகடல் காய்ந்த கருவாட்டை உருளைக்கிழங்கோடு பிசைந்து செய்கிறார்கள், லோத் நதிப் படகுக்காரர்கள் போர்தோவிலிருந்து கொண்டுவந்த பழக்கம். காரம் எதிலும் இருக்காது. ஊறுகாய் பாட்டில் கொண்டு போனால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். பெரிய மளிகைக் கடை கோங்க்கில் கிடையாது. பக்கத்தில் சேன்-சிப்ரியன்-சூர்-தூர்தூவில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

தங்குவதற்கு, மடமே ஒரு யாத்ரீகர் விடுதி நடத்துகிறது. அங்கே முதுகுப்பையோடு நடந்து வருகிறவர்களுக்கு முன்னுரிமை, குடும்பத்தோடு காரில் போய்க் கேட்பது முறையாகாது. உங்களுக்கு வீட்டோடு அறை கொடுக்கும் இடங்களே சரி. செப்டம்பர் நடைப் பருவம், ஊருக்குள் குடியிருப்பவர்களும் குறைவு, அறைகளும் குறைவு. ஆகவே மே, ஜூனிலேயே பதிவு செய்துவிடுங்கள். பருவ மாதங்களில் இரவு ஜெபம் முடிந்ததும் துறவி ஒருவர் வாசலுக்கு வந்து அந்த அரைவட்டச் சிற்பத்தை நகைச்சுவையோடு விளக்குவார், பிறகு உள்ளே ஆர்கன் வாசிப்பார்கள், மேல்தளமும் திறப்பார்கள். நீங்கள் போகும் வாரத்தில் உண்டா என்பதைச் சுற்றுலா அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பகலில் பதினோரு மணிக்கு வரும் பஸ் கூட்டம் ஐந்து மணிக்குப் போய்விடும். அதற்குப் பிந்தைய ஊர் வேறு ஊர்.

சில எச்சரிக்கைகள். செப்டம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி வரை வேட்டைப் பருவம், இந்தக் காடுகளில் காட்டுப்பன்றி அதிகம். பாதையோரம் வேட்டை நடக்கிறது என்ற பலகை இருந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள். ஆரஞ்சு, சிவப்பு என்று கண்ணில் படும் நிறத்தில் சட்டை போடுங்கள். புல்லில் உண்ணி உண்டு, மாலையில் முழங்கால் மடிப்பு, இடுப்பு எல்லாம் பாருங்கள், மகளுக்குத் தலையையும். மாட்டுவேலிக் கதவைத் திறந்தால் மூடிவிட்டுப் போங்கள். அவசர எண் 112.

வந்து சேர்வதுதான் இந்த ஊரின் ஒரே கஷ்டம். பாரிஸ் ஓஸ்தெர்லிட்ஸ் நிலையத்திலிருந்து ரோதேஸுக்கு இரவு ரயில் உண்டு. படுக்கை பதிவு செய்தால் ஒரு ஓட்டல் செலவு மிச்சம், ஆனால் அம்மாவுக்குக் கீழ்ப் படுக்கை கேட்டு வாங்குங்கள். ரோதேஸில் வாடகைக் கார் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் கோங்க். பஸ்ஸை நம்பி வர வேண்டாம். வாடகைக் கார்களில் பெரும்பாலானவை கையால் கியர் மாற்றுபவை, ஆட்டோமேட்டிக் வேண்டுமானால் முன்பே சொல்லி வைக்க வேண்டும். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்து வாருங்கள். திரும்பும் நாளில் ரோதேஸில் அரை நாள் கிடைத்தால், 2014-இல் திறந்த சூலாஜ் அருங்காட்சியகத்தில் கோங்க் சன்னல்களுக்காக அவர் போட்ட முழு அளவு வரைபடங்களைப் பார்த்துவிட்டு ரயில் ஏறலாம். திங்கட்கிழமையாக இருந்தால் முதலில் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.